கண்ணில் படாத பகுதி: மலிவு விலை ஹெட்போன் அம்ப்ளிபயரும் அதன் பவர் சப்ளையும்

கொஞ்சக் காலமாக நமது ஊர்த் தம்பிமாரிடம் ஒரு புதுக் கவலையைப் பார்க்கிறேன். வீடியோ எடிட் செய்கிறவர்கள், ஒலிப்பதிவு செய்கிறவர்கள், சும்மா கேட்பதிலேயே ஆசை உள்ளவர்கள் என்று பலர் ஒன்லைனில் மலிவு விலை ஹெட்போன் அம்ப்ளிபயர் ஒன்றை எடுக்கிறார்கள். உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, கூடவே ஒரு கறுப்பு அடப்டர். இரண்டு கிழமை போனதும் யூடியூப்பில் யாரோ சொல்கிறார், அந்த அடப்டர் சரியில்லை, "லீனியர் பவர் சப்ளை" ஒன்று போட்டால்தான் உண்மையான சத்தம் வரும் என்று. விலையைப் பார்த்தால் அம்ப்ளிபயரின் விலையை விடக் கூட. அதை வாங்க வசதியில்லாத தம்பி பழைய ரேடியோ ஒன்றிலிருந்து ட்ரான்ஸ்போமரைக் கழற்றித் தானே செய்து பார்க்கிறார். முதலாமவருக்குக் காசு போகிறது. இரண்டாமவருக்கு உயிரே போகலாம். அந்த ட்ரான்ஸ்போமரின் ஒரு பக்கத்தில் நிற்பது 230 வோல்ட்.

மாற்றலாமா வேண்டாமா என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்தப் பவர் சப்ளை நூறு வருடங்களில் எப்படி வந்தது என்று பார்த்தால் பதில் தானாகவே விளங்கும். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவைக்கிறேன். சத்தம் தரும் பெட்டி ஒன்றை மலிவாக்க நினைத்த போதெல்லாம் கம்பனிகள் திரும்பத் திரும்பக் கை வைத்த இடம் பவர் சப்ளைதான். காரணம் லேசானது. வாங்குபவர் குமிழைத் திருகிப் பார்ப்பார், பெட்டியைத் தடவிப் பார்ப்பார், சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பார். கரண்ட் உள்ளே எப்படி வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஹெட்போன் பிறந்தபோது அதற்குப் பவர் சப்ளையே கிடையாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின் என்பவர் 1910 அளவில் தன் வீட்டுக் குசினியில் வைத்து ஹெட்போன்களைச் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். கம்பியில்லாத் தந்தியில் வரும் மிக மெல்லிய மின்னோட்டமே அவற்றை ஒலிக்கச் செய்யப் போதுமாக இருந்தது. பிறகு வந்த கிரிஸ்டல் ரேடியோக்களும் அப்படித்தான். பெட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஆனால் பக்கத்தில் பிள்ளை அழுதால் ஒன்றும் கேட்காது.

சத்தத்தைப் பெருக்க வழி காட்டியது வால்வு. 1906இல் லீ டி பொரஸ்ட் மூன்று முனை வால்வைச் செய்தார். அதைக் கொண்டு மெல்லிய சைகையைப் பெரிதாக்கலாம் என்பது தெளிவாகச் சில ஆண்டுகள் எடுத்தது. அதன் பிறகு வீட்டுக்கு வந்த ரேடியோக்களுக்கு ஒன்றல்ல, மூன்று வகைப் பெட்டரி தேவைப்பட்டது. வால்வின் இழையைச் சூடாக்க ஏ பெட்டரி. இது பெரும்பாலும் 6 வோல்ட், காரில் வைப்பது போன்ற அமிலப் பெட்டரி. வால்வுக்குள் மின்னோட்டத்தை இழுக்க 45, 90 வோல்ட் என்று பீ பெட்டரி. வால்வைச் சரியான நிலையில் நிறுத்தி வைக்கச் சிறிய சீ பெட்டரி. (இன்றும் சுற்றுப்படங்களில் உயர் வோல்ட் வரும் கம்பிக்குப் பக்கத்தில் "பீ பிளஸ்" என்று எழுதுகிறார்கள். அந்தப் பீ, இந்தப் பீ பெட்டரிதான். பெட்டரி போய்விட்டது, பெயர் நிற்கிறது.) ஏ பெட்டரியை அடிக்கடி சார்ஜ் பண்ண வேண்டும், அமிலம் சிந்தினால் பாய் கம்பளம் எல்லாம் ஓட்டை. பீ பெட்டரி தீர்ந்தால் புதிதாக வாங்க வேண்டும்.

ஆனாலும் பெட்டரிக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அது சத்தம் போடாது. அதில் வருவது நேரோட்டம், ஆட்டமே இல்லாத ஓட்டம். இன்றைக்கும் ஒலி விஷயத்தில் கைதேர்ந்தவர்கள் சந்தேகம் வந்தால் முதலில் பெட்டரியில் போட்டுப் பார்ப்பது அதனால்தான்.

சுவரில் வரும் கரண்ட் அப்படியல்ல. நமது நாட்டில் அது ஒரு செக்கனில் 50 தடவை முன்னும் பின்னும் போய்வரும் ஆடலோட்டம். 11ஆம் தர விஞ்ஞானத்தில் சீராக்கம் படித்த பிள்ளைகளுக்கு இது தெரியும். நான்கு டயோட்களால் முழு அலைச் சீராக்கம் செய்தால் எல்லா அலையும் ஒரே பக்கம் வரும், ஆனால் செக்கனுக்கு 100 மேடு பள்ளமாக வரும். அதை மட்டமாக்கத்தான் கெபாசிட்டர். நமது புத்தகத்தில் கொள்ளளவி.

வகுப்பில் இதற்கு நான் சொல்லும் உதாரணம் கூரைத் தண்ணீர்த் தாங்கி. ஒருவர் செக்கனுக்கு 100 வாளி தண்ணீரைத் தாங்கிக்குள் ஊற்றுகிறார் என்று வையுங்கள். கீழே குழாய் திறந்திருக்கிறது. தாங்கி பெரிதாக இருந்தால் நீர்மட்டம் கொஞ்சமும் அசையாது. தாங்கி சிறிதாக இருந்தால் ஒவ்வொரு வாளிக்கும் மட்டம் ஏறி இறங்கும், குழாயிலும் அது தெரியும். அம்ப்ளிபயரில் அந்த ஏற்ற இறக்கம் காதுக்கு "ம்ம்ம்" என்று கேட்கும். ஹம் என்பது அதுதான்.

இந்த ஹம் ஒழிந்த கதைக்குள் ஒரு கனேடிய இளைஞர் இருக்கிறார். டொரொன்டோவின் எட்வர்ட் ரொஜர்ஸ், 1900இல் பிறந்தவர். வால்வின் இழையை நேரடியாக ஆடலோட்டத்தில் சூடாக்கினால் அந்த ஆட்டம் அப்படியே சத்தத்தில் கலந்துவிடும். ஆகவே அவர் ஆடலோட்டத்தைத் தாங்கும் வால்வுகளைச் சீர்செய்து, 1925இல் பெட்டரி இல்லாத வீட்டு ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் தென் ஒன்டாரியோவில் மின்சாரத்தின் மீடிறன் 50 அல்ல, 60 அல்ல, வெறும் 25. அதாவது வாளிகள் இன்னும் மெதுவாக வரும், தாங்கி இன்னும் பெரிதாக வேண்டும். அந்தக் கரண்டில் ஹம்மை அடக்கியது சின்ன வேலையல்ல. 1927இல் அவர் தொடங்கிய வானொலி நிலையத்துக்கு சீஎஃப்ஆர்பீ என்று பெயர் வைத்தார். கடைசி எழுத்து "பெட்டரியற்ற" என்பதன் முதலெழுத்து. பவர் சப்ளையைப் பெயரில் சுமக்கும் வானொலி நிலையம் வேறு இருக்குமா தெரியாது!

இதே மாற்றத்தில் ஒரு கம்பனி கிட்டத்தட்ட மூழ்கப் பார்த்தது. பிலடெல்பியாவின் பில்கோ, பெயரிலேயே பெட்டரிக் கம்பனி. பெட்டரிக்குப் பதிலாகச் சுவர்க் கரண்டில் இயங்கும் தனிப் பெட்டிகளையும் அது விற்று வந்தது. அதாவது, பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு அதன் பவர் சப்ளையை மட்டும் மாற்றுவது. இன்று நமது தம்பிமார் செய்ய நினைக்கும் அதே வேலை, நூறு வருடத்துக்கு முன்பே வியாபாரமாக நடந்திருக்கிறது. ரேடியோவுக்குள்ளேயே பவர் சப்ளை வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1928இல் பில்கோ தானே ரேடியோ செய்ய இறங்கி, 1930 அளவில் அமெரிக்காவின் முதலாவது இடத்துக்கு வந்துவிட்டது.

அடுத்து வந்ததுதான் இந்தக் கதையில் நான் மிகவும் கவனிக்கச் சொல்லும் கட்டம். 1930களின் பொருளாதார வீழ்ச்சி. வேலையில்லை, ஆனால் எல்லோருக்கும் ரேடியோ வேண்டும். ரேடியோவுக்குள் கனமானதும் விலை கூடியதும் ட்ரான்ஸ்போமர். இரும்பும் செம்பும் ஆயிற்றே. கம்பனிகள் அதையே தூக்கி எறிந்தன. எப்படி? ஐந்து வால்வுகளின் இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தார்கள். மூன்று வால்வுக்குத் தலா 12 வோல்ட், ஒன்றுக்கு 50, இன்னொன்றுக்கு 35. கூட்டிப் பாருங்கள், 121. அமெரிக்கச் சுவரில் வருவதும் ஏறக்குறைய அதே. ஆகவே ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேராகச் சுவரில் செருகலாம். "ஒல் அமெரிக்கன் ஃபைவ்" என்று பட்டப்பெயர் பெற்ற இந்த வகை ரேடியோ லட்சக்கணக்கில் விற்றது. கெட்டித்தனமான கணக்கு, மறுக்க முடியாது. நேரோட்டம் வரும் பட்டணங்களிலும் அது ஓடியது என்பது மேலதிக வசதி.

ஆனால் ட்ரான்ஸ்போமருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது வோல்டைக் கூட்டிக் குறைப்பது மட்டுமல்ல, சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் மதிலாகவும் நிற்கிறது. இரண்டு பக்கச் சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அந்த மதிலை எடுத்ததும் ரேடியோவின் உலோகச் சட்டம் சுவர்க் கம்பி ஒன்றோடு நேரடியாகச் சேர்ந்துவிட்டது. பிளக்கை ஒரு பக்கம் செருகினால் சட்டத்தில் ஒன்றுமில்லை, மற்றப் பக்கம் செருகினால் சட்டம் முழுவதும் கரண்ட். பேக்கலைட் பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும்தான் மனிதனுக்கும் மரணத்துக்கும் இடையில். குமிழ் கழன்று விழுந்து உலோகத் தண்டைப் பிடித்துத் திருகியவர் கதை என்ன? அப்படியொரு ரேடியோவில் வயர் இழுத்துக் காதில் ஹெட்போன் மாட்டியவர் கதை என்ன? காசு மிச்சம் பிடித்தது கம்பனி, அதற்கான ஆபத்தைச் சுமந்தது வாங்கியவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மலிவு அடப்டருக்கு வரும்போது தேவைப்படும்.

ட்ரான்சிஸ்டர் வந்த பிறகு வோல்ட் குறைந்தது, ஆபத்தும் குறைந்தது. 1960களின் முடிவில் நெஷனல் செமிகண்டக்டர் கம்பனியில் பொப் விட்லர் மூன்றே கால் கொண்ட ரெகுலேட்டர் ஐசியைச் செய்தார். 1976இல் அதே கம்பனியில் பொப் டொப்கின் எல்எம் 317 என்ற ஐசியை வடிவமைத்தார். அது இன்றும் திருத்துகிற கடைகளில் கிடைக்கிறது, விலையும் சொற்பம். தண்ணீர்த் தாங்கி உதாரணத்தில் சொன்னால், ரெகுலேட்டர் என்பது குழாய்ப் பக்கம் நின்று, மேலே மட்டம் எப்படி ஆடினாலும் கீழே ஒரே வேகத்தில் விடும் ஆள். ஒரு காலத்தில் பெரிய இரும்புச் சுருளும் பெரிய கெபாசிட்டரும் செய்த வேலையை நகம் அளவு துண்டு ஒன்று செய்யத் தொடங்கியது. ஹம் என்ற பழைய வியாதிக்கு மருந்து மலிவாகிவிட்டது. மருந்து மலிவான பிறகும் சிலர் அதைப் போடாமல் விடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஹெட்போனின் பக்கம் திரும்புவோம். 1958இல் அமெரிக்காவின் மில்வோக்கியில் ஜோன் கொஸ் ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1979இல் சோனி வோக்மன் வந்து ஹெட்போனைத் தெருவுக்குக் கொண்டுபோனது. ஆனால் ஹெட்போனுக்கென்றே தனி அம்ப்ளிபயர் என்பது சாதாரண மனிதரிடம் பிறகுதான் வந்தது. 1998இல் சூ மொய் என்பவர் யாரும் வீட்டில் செய்யக்கூடிய ஒரு சின்னச் சுற்றை இணையத்தில் வெளியிட்டார். "சீமொய்" என்று அவர் பெயராலேயே அது பரவியது. ஒரு 9 வோல்ட் பெட்டரி, ஒரு ஒப்-அம்ப் ஐசி, சில தடையிகள், கெபாசிட்டர்கள். பெப்பர்மின்ட் டின்னுக்குள் அடைத்துவிடலாம். உலகம் முழுக்க மாணவர்கள் அதைச் செய்தார்கள்.

அதன் பலவீனமும் பவர் சப்ளையில்தான் இருந்தது. ஒப்-அம்ப் சரியாக வேலை செய்ய பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, நடுவில் பூச்சியம் என்று மூன்று கம்பி வேண்டும். 9 வோல்ட் பெட்டரியில் இரண்டுதான் உண்டு. ஆகவே இரண்டு தடையியை வைத்து அதை நடுவால் பிரித்து, போலி நடுக் கம்பி ஒன்றை உண்டாக்கினார்கள். ஹெட்போன் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் அந்த நடு ஆடும். நடு ஆடினால் எல்லாமே ஆடும். உடனே திருத்தங்கள் தொடங்கின. தடையிகளுக்குப் பதில் வோல்டை நடுவால் பிரிக்கவென்றே செய்த டிஎல்ஈ 2426 என்ற ஐசியைப் போட்டவர்கள், இரண்டு பெட்டரி வைத்தவர்கள், சுவர் அடப்டர் இணைத்தவர்கள் என்று பலவிதம். மலிவு அம்ப்ளிபயரின் பவர் சப்ளையை உயர்த்தும் இன்றைய பழக்கத்துக்கு இது ஒரு பெரிய ஊற்று.

2011இல் தன் உண்மைப் பெயரைச் சொல்லாத ஒருவர் "என்டபிள்யூஅவ்கை" என்ற புனைபெயரில் ஓடூ என்ற அம்ப்ளிபயரை வடிவமைத்து எல்லோருக்கும் கொடுத்தார். அவருடைய வழி வேறு. போலி நடுவே வேண்டாம். ஆடலோட்டம் தரும் சாதாரண அடப்டர் ஒன்று, உள்ளே டயோட்களும் கெபாசிட்டர்களும், பிறகு பிளஸ் 12, மைனஸ் 12 என்று இரண்டு சாதாரண ரெகுலேட்டர். பெட்டரியில் போட்டால் இரண்டு பெட்டரி, அதில் ஒன்று இறங்கினாலும் இரண்டையும் சேர்த்து நிறுத்த ஒரு பாதுகாப்புச் சுற்று. ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் கரண்ட் நின்றால் நேரோட்டம் ஹெட்போனுக்குள் போய் சுருளை எரித்துவிடும். கருவி வைத்து அளந்து அளந்து அவர் சொன்னது, நல்ல வடிவமைப்புக்கு ஆடம்பரப் பாகங்கள் தேவையில்லை என்பதே. 2012இல் அவர் இணையத்திலிருந்து காணாமல் போனார். அதே வருடக் கடைசியில் ஷீட் என்ற அமெரிக்கக் கம்பனி மெக்னி என்ற அம்ப்ளிபயரை 99 டொலருக்குக் கொண்டுவந்தது. அதற்கும் ஆடலோட்ட அடப்டர்தான்.

இதற்கிடையில் அடப்டர்களின் உலகமே மாறியிருந்தது. பழைய அடப்டர்கள் கல் மாதிரிப் பாரமாக இருந்தது நினைவிருக்கும். உள்ளே ட்ரான்ஸ்போமர். பாட்டுக் கேட்காவிட்டாலும் செருகி வைத்தால் சூடாகவே இருக்கும். இந்த வீண் செலவைப் பார்த்து 1999இல் சர்வதேச எரிசக்தி முகவரகம், சும்மா இருக்கும் சாதனம் ஒரு வோட்டுக்கு மேல் குடிக்கக்கூடாது என்ற இலக்கை முன்வைத்தது. 2008 ஜூலையில் அமெரிக்காவில் அடப்டர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டமே வந்தது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியமும் விதி போட்டது. செம்பு விலையும் கப்பல் கூலியும் சேர்ந்துகொள்ள, பாரமான அடப்டர் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தது. அந்த இடத்துக்கு வந்தது சுவிட்ச் மோட் என்ற லேசான அடப்டர். அந்தத் தொழில்நுட்பம் முன்பே இருந்ததுதான். 1977இல் வந்த அப்பிள் டூ கணினிக்கு ரொட் ஹோல்ட் அப்படியொன்றைச் செய்திருந்தார்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. 230 வோல்டை அப்படியே சீராக்கி ஏறக்குறைய 325 வோல்ட் நேரோட்டமாக்கி, அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சின்ன ட்ரான்ஸ்போமர் வழியாக அனுப்புவது. வாளி செக்கனுக்கு 100 அல்ல, அறுபதாயிரம், எழுபதாயிரம் என்று வருகிறது. ஆகவே சின்னத் தாங்கி போதும். அதன் இரைச்சலும் காது கேட்கும் எல்லைக்கு மேலே போய்விடுகிறது. இதனால்தான் "சுவிட்ச் மோட் என்றாலே கெட்டது" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஒழுங்காகச் செய்த சுவிட்ச் மோட் அடப்டர், மோசமாகச் செய்த லீனியரை விட அமைதியானது.

கோளாறு வேறு இடத்தில். இந்த அடப்டர்களில் மதிலின் இரண்டு பக்கத்தையும் இணைத்து வை கெபாசிட்டர் என்ற சின்னப் பாகம் ஒன்று இருக்கும். அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். இரண்டு பின் அடப்டரில் போட்ட லெப்டொப்பின் உலோக உடலைத் தடவும்போது விரல் நுனி விறுவிறுக்குமே, அது இதுதான். தரமான பாகமாக இருந்தால் அதனால் ஆபத்தில்லை. ஆனால் விலாசமில்லாத அடப்டர்களில் அந்த இடத்தில் சாதாரண கெபாசிட்டரைப் போட்டுவிடுவார்கள், இரு பக்கமும் இருக்க வேண்டிய இடைவெளியையும் விடமாட்டார்கள். அது உடைந்து சோர்ட் ஆனால் சுவர்க் கரண்ட் நேராக அம்ப்ளிபயருக்கு, அங்கிருந்து காதுக்கு. 1930களின் மதிலில்லாத ரேடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இனி உங்கள் மேசையில் இருக்கும் பெட்டிக்கு வருவோம். அடப்டரை மாற்றினால் எது சரியாகும், எது ஆகாது?

பாஸ் குறைவாக இருக்கிறது என்பதற்காக லீனியர் வாங்க நினைப்பவர் கொஞ்சம் பொறுக்கவும். 12 வோல்ட் ஒற்றை நேரோட்டத்தில் ஓடும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில், சீமொய் காலத்து நடுக் கம்பிப் பிரச்சினையைத் தவிர்க்க, ஹெட்போனுக்குப் போகும் வழியில் ஒரு கெபாசிட்டரை வைத்திருப்பார்கள். அது 100 மைக்ரோபரட் என்றால், 32 ஓம் ஹெட்போனில் 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே சத்தம் விழத் தொடங்கும். 220 என்றால் அந்த எல்லை 23 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். வெளியே தங்கத்தில் பவர் சப்ளை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது.

ஹம் கேட்கிறது என்றால் முதலில் காசில்லாத சோதனை. லெப்டொப்போடு இணைத்துக் கேட்பவர் லெப்டொப்பின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அம்ப்ளிபயரின் பவர் சப்ளை அல்ல, இரண்டு அடப்டருக்கும் இடையில் ஓடும் கசிவு. அதுவும் நிற்கவில்லையா? அம்ப்ளிபயரைப் பெட்டரியில் போடுங்கள். 5 வோல்ட் யூஎஸ்பீ என்றால் பவர் பேங்க். 12 வோல்ட் நேரோட்டம் என்றால் யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் மூடிய பெட்டரி, கட்டாயம் ஒரு அம்பியர் பியூஸுடன். 2022இல் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நமக்கு இந்தப் பெட்டரிகள் புதிதல்ல. பெட்டரியில் சத்தம் சுத்தமாக இருந்தால் அடப்டரை மாற்றுவதில் அர்த்தம் உண்டு. பெட்டரியிலும் அதே இரைச்சல் என்றால் எந்த லீனியரும் உதவாது. ஒப்-அம்ப் ஐசிகளே பவர் சப்ளையின் ஆட்டத்தைப் பெருமளவு உதறிவிடக் கூடியவை. என்ஈ 5532 என்ற சாதாரண ஐசியில், தாழ்ந்த மீடிறனில், ஒரு வோல்ட் ஆட்டம் உள்ளீட்டுக்கு ஒரு லட்சத்தில் ஒரு பங்காகத்தான் வந்து சேரும்.

மாற்றுவதென்றால் நம்பிக்கையான கம்பனி ஒன்றின் அடப்டர். அதே வோல்ட், அம்பியர் அதே அல்லது கூட, பிளஸ் மைனஸ் அதே பக்கம். ஆடலோட்டம் கேட்கும் பெட்டிக்கு நேரோட்டமும், நேரோட்டம் கேட்பதற்கு ஆடலோட்டமும் கொடுக்க வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரை விடப் பத்து மடங்கு பெரிதைப் போடும் வேலையும் வேண்டாம். அது நிரம்பும் முதல் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தில் அடப்டர் பயந்து நின்றுவிடும். 230 வோல்ட் வரும் ட்ரான்ஸ்போமரைத் திறந்த பலகையில் வைத்து வயர் முறுக்குவதை அந்த வேலை தெரிந்த நானாமாரிடம் விட்டுவிடுங்கள். இரண்டு பின் பிளக்கைச் செருகப் பேனையால் எர்த் துளையைத் திறக்கும் நமது பழக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன், அதற்குச் சரியான மாற்றி ஒன்று வாங்கும் காசு பெரிதல்ல.

உங்கள் அடப்டரின் முதுகில் எழுதியிருப்பதைத் தெளிவாகப் படம் எடுத்து, அம்ப்ளிபயரின் மொடலோடு கொமென்டில் போடுங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள், இரட்டைக் காப்பு உண்டு என்று செய்தவர் சொல்லும் அடையாளம் அது. இன்ஷா அல்லாஹ் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் போடுகிறேன்.